பீட்டர்ஸ்பர்க் இரவு: ரூபின்ஸ்டைன் தெருவா, நெக்ராசவ் தெருவா, நின்று குடிக்கும் ர்யூமச்னயாவா?

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எந்த மதுக்கூடத்துக்குப் போவது என்று யோசிப்பதற்கு முன்பே, இரவு எந்தக் கரையில் படுக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நேவா ஆற்றில் கப்பல்கள் ஓடும் ஏப்ரல் முதல் நவம்பர் வரையான மாதங்களில், நகரின் நடுவிலுள்ள பாலங்கள் நள்ளிரவுக்குப் பிறகு தூக்கப்படுகின்றன. அரண்மனைப் பாலம் சுமார் 1.10 மணிக்கு வாய் பிளந்து, 2.50 அளவில் இறங்கி, ஏறத்தாழ இருபது நிமிடம் வண்டிகளுக்கு வழிவிட்டு, மீண்டும் தூக்கப்பட்டு, விடியற்காலை ஐந்து மணியை ஒட்டித்தான் கடைசியாக இறங்குகிறது. மெட்ரோ ரயிலும் நள்ளிரவு தாண்டியதும் கதவைச் சாத்திவிடும். ஆகவே ஆற்றின் மறுபுறமுள்ள வசீலியெவ்ஸ்கி தீவில் அறை எடுத்த ஒருவர் தென்கரையில் இன்னும் ஒரே ஒரு கோப்பை என்று உட்கார்ந்துவிட்டால், அந்தக் கோப்பைக்குப் பணத்தோடு சில மணி நேரத் தூக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க நேரிடலாம். 2016இன் இறுதியில் முழுமையாகத் திறக்கப்பட்ட மேற்குச் சுங்கச் சாலை, தூக்கப்படாத உயரப் பாலங்களின் வழியே தீவை இரு கரைகளோடும் இணைத்திருப்பதால் இப்போது தப்பிக்க வழி உண்டு. ஆனால் அது சுற்று வழி. வாடகை வண்டிக்கான தொகையும் அதற்கேற்ப ஏறும்.

இங்கே முதன்மையாக ஒப்பிடப்படும் மூன்றும் தென்கரையில் உள்ளவை. நகரின் முதன்மை வீதியான நெவ்ஸ்கி பெருவீதியிலிருந்து நடந்தே போய்விடக் கூடியவை. ஒன்று, எல்லாப் பயண நூல்களும் முதலில் கைகாட்டும் ரூபின்ஸ்டைன் தெரு. இரண்டாவது, அதற்கு வடக்கே நெக்ராசவ் தெருவையும் ஜுக்கோவ்ஸ்கி தெருவையும் சுற்றிப் பரவியிருக்கும் சிறு பார்களின் வட்டாரம். மூன்றாவதாக நான் எடுத்துக்கொள்வது ஓர் இடத்தை அல்ல, ஒரு வகையை: ர்யூமச்னயா எனப்படும், சோவியத் காலத்திலிருந்து தொடரும் சிறு வோட்காக் கடை. இந்த மூன்றும் ஒரே வாடிக்கையாளருக்காகப் போட்டியிடுவது போலத் தோன்றினாலும், உண்மையில் வெவ்வேறு மணி நேரங்களுக்காகவே போட்டியிடுகின்றன.

ரூபின்ஸ்டைன் தெரு நெவ்ஸ்கியில் தொடங்கி, ‘ஐந்து மூலை’ என்று உள்ளூர்க்காரர்கள் அழைக்கும் சந்திப்பின் அருகே முடிகிறது. முழு நீளமும் ஒரு கிலோமீட்டரைத் தொடாது. 1862இல் நகரின் இசைக் கல்லூரியை நிறுவிய அந்தோன் ரூபின்ஸ்டைனின் பெயர் இதற்கு 1929இல் சூட்டப்பட்டது. இத்தனை குறுகிய நீளத்தில் உணவகங்களும் மதுக்கூடங்களும் கதவோடு கதவு ஒட்டி நிற்கும் தெரு நகரில் வேறில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தத் தெருவின் 7ஆம் எண் கட்டடம் 1929க்கும் 1931க்கும் இடையில் பொறியாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் கூட்டுக் குடியிருப்பாகக் கட்டப்பட்டது. எல்லோரும் பொது உணவுக்கூடத்தில் சேர்ந்து உண்பார்கள் என்ற நம்பிக்கையில் அதன் வீடுகளுக்குச் சமையலறையே வைக்கப்படவில்லை. அங்கே வாழ்ந்தவர்களில் கவிஞர் ஓல்கா பெர்க்கோல்ஸும் ஒருவர். ‘சோஷலிசத்தின் கண்ணீர்’ என்ற பட்டப்பெயர் அந்தக் கட்டடத்துக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. சமையலறை வேண்டாம் என்று வீடு கட்டிய அதே தெருவில் இன்று வாசலுக்கு ஒரு சமையலறை இருக்கிறது.

13ஆம் எண்ணில், நகரம் லெனின்கிராத் எனப்பட்ட 1981இல், லெனின்கிராத் ராக் கிளப் தொடங்கப்பட்டது. கினோ, அக்வாரியம் போன்ற குழுக்கள் அரசின் கண்பார்வைக்குள் சட்டப்படி மேடையேற முடிந்த இடம் அதுதான். 23ஆம் எண்ணில் எழுத்தாளர் செர்கேய் தவ்லாத்தவ் வாழ்ந்தார். 2016இல் அங்கே அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. ஆனால் இன்றைய ரூபின்ஸ்டைன் இரவில் இந்த வரலாற்றைத் தேடிக்கொண்டு போகிறவர் ஏமாந்து திரும்புவார். இங்கே விற்பது நடைபாதை மேசை. ஜூன் மாத வெண்ணிரவுகளில் சூரியன் இரவு 10.25 அளவில் மறைந்து அதிகாலை 3.35 அளவில் எழுந்துவிடும். இடையில் வானம் முழுதாக இருள்வதே இல்லை. அந்த வாரங்களில் மரப்பலகைத் திண்ணை போட்ட மேசை ஒன்றில் அமர்ந்து எதிர்வரிசையை வேடிக்கை பார்ப்பது உண்மையிலேயே இன்பமானது. அதற்காகக் கொடுக்கும் கூடுதல் விலை நியாயமானதும்கூட. ஜனவரியில் அதே மேசைகள் இருக்காது. திண்ணை போன பிறகு மிஞ்சுவது, விலை சற்றுக் கூடுதலாக உள்ள, பல மொழிகளில் பட்டியல் வைத்திருக்கும், எந்தப் பெருநகரிலும் பார்க்கக்கூடிய உணவகங்களின் வரிசைதான்.

ரூபின்ஸ்டைனைப் பற்றிய இரண்டாவது குறை தலைக்கு மேலே இருக்கிறது. மதுக்கூடங்கள் தரைத்தளத்தில், அவற்றின் கூரைக்கு மேல் ஐந்தாறு மாடிகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். இரவு 10 மணிக்குமேல் அமைதி காக்க வேண்டும் என்ற நகரச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். முற்றங்களுக்குள் செல்லும் வளைவுகள் பெரும்பாலும் கம்பிக்கதவு போட்டுப் பூட்டப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2020 ஜூனில், பெருந்தொற்றின்போது உணவகங்களின் உள்ளரங்குகள் மூடியிருக்க, கூட்டம் தெருவிலேயே நிரம்பி ஆடிய காட்சிகள் நாடு முழுவதும் பேசப்பட்டன. குடியிருப்போரின் கோபம் எனக்கு முழுக்கப் புரிகிறது. சன்னல் மூடியும் உறங்க முடியாத ஒருவரின் வீட்டுக்குக் கீழே அமர்ந்து வெண்ணிரவை வியப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அதை ஒத்துக்கொண்டுதான் அந்த மேசையில் உட்கார வேண்டும்.

அந்தச் சங்கடம் வேண்டாம் என்பவருக்கு, ரூபின்ஸ்டைனை ஒட்டியே, கலக்கோல்னயா தெருவின் முற்றம் ஒன்றுக்குள் எல் கோப்பீத்தாஸ் என்ற காக்டெய்ல் பார் இருக்கிறது. மெக்சிகோவின் மெஸ்கால், டெக்கீலா ஆகியவற்றை மையமாக வைத்து வளர்ந்த இது, உலகின் சிறந்த 50 மதுக்கூடங்களின் பட்டியலில் இடம்பிடித்தது. முன்பதிவு இல்லாமல் போய்க் கதவைத் தட்டுவதில் பயனில்லை. ரஷ்யாவில் மதுக்கூடத் தொழில் எந்த உயரத்துக்குப் போயிற்று என்று பார்க்க விரும்புகிறவருக்கு இது சரியான இடம். ரஷ்யாவைப் பார்க்க விரும்புகிறவருக்கு இது இடமல்ல.

நெக்ராசவ் தெரு வட்டாரம் வேறு தாளத்தில் இயங்குகிறது. நெவ்ஸ்கியைக் கடந்து வடக்கே பத்து நிமிடம் நடந்தால் போதும். பொம்மலாட்ட அரங்கும் பழைய மால்ட்செவ் சந்தையும் இருக்கும் சாதாரணக் குடியிருப்புத் தெரு அது. பார்கள் அங்கே வரிசையாக நிற்பதில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் மருந்துக்கடையோ தையல்கடையோ வரும். பல பார்களுக்குத் தெருமட்டத்திலிருந்து நாலைந்து படி கீழே இறங்க வேண்டும். சன்னல் கண்ணாடியின் உயரத்தில் போவோர் வருவோரின் காலணிகள் தெரியும் அந்த அரை நிலவறைகள், பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்கூட நீடிக்காத டிசம்பரில் தரும் கதகதப்பை ரூபின்ஸ்டைனின் எந்தத் திண்ணையும் தர முடியாது. க்ரோனிக்கி, ரெட்ரம் போன்ற பெயர்கள் இந்த வட்டாரத்தோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன. முதலாவதில் பேச்சும் கலவைப் பானமும். இரண்டாவதில் சிறு வடிசாலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பியர்.

பியரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இரு தெருக்களுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. இந்நகரம் பழைய பியர் நகரம். தன் தொடக்கத்தை 1795 என்று குறிப்பிடும் ஸ்தெப்பான் ராசின் வடிசாலையும், 1990இல் உற்பத்தியைத் தொடங்கி நாட்டின் மிகப் பெரிய பெயராக வளர்ந்த பால்த்திக்காவும் இங்கே பிறந்தவை. இத்தனைக்கும் ரஷ்யச் சட்டம் பியரை முழு மதுபானமாகக் கணக்கில் எடுத்தது 2011இல் கையெழுத்தான திருத்தத்தால்தான். அது முழுமையாக நடைமுறைக்கு வந்த 2013 வரை தெருவோரப் பெட்டிக்கடையிலும் பியர் வாங்க முடிந்தது. பெட்டிக்கடை பியர் ஒழிந்த அதே ஆண்டுகளில்தான் சிறு வடிசாலைகள் தலையெடுத்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து பால்டிக் கடல் வழியாக ரஷ்ய அரசவைக்கு வந்திறங்கிய கடுங்கறுப்பு ஸ்டவுட் பியரை, ‘இம்பீரியல்’ என்ற அதே அடைமொழியோடு இன்று உள்ளூர்க்காரர்களே காய்ச்சுகிறார்கள். ரூபின்ஸ்டைனில் பியர் என்று கேட்டால் பியர் வரும். நெக்ராசவில் கேட்டால், கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருக்கும் பட்டியலைக் காட்டி, புளிப்பா கசப்பா என்று திருப்பிக் கேட்பார்கள். விரலளவு ஊற்றிச் சுவைக்கக் கொடுப்பதும் உண்டு. அவசரக்காரருக்கு இது எரிச்சல். நேரம் உள்ளவருக்கு, மொழி தெரியாமலே பேச்சைத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

நெக்ராசவின் பலவீனம் அதன் அளவு. எட்டுப் பத்து மேசைக்கு மேல் இல்லாத இடங்களில் வெள்ளி இரவு பத்து மணிக்குமேல் நிற்கவும் இடம் கிடைக்காது. நாலு பேராகப் போகிறவர்கள் பிரிந்துதான் உட்கார வேண்டியிருக்கும். கோப்பையோடு வாசலுக்கு வந்து நிற்கலாமா என்றால் அதுவும் கூடாது: திண்ணைக்கு அனுமதி பெற்ற இடம் தவிரப் பொதுவெளியில் குடிப்பது சட்டப்படி குற்றம், அபராதம் 500 முதல் 1,500 ரூபிள் வரை. 2020இல் நகரச் சட்டமன்றம், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 50 சதுர மீட்டருக்குக் குறைந்த கூடம் கொண்ட கடைகளில் மது ஊற்றத் தடை விதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரவு 10 முதல் காலை 11 வரை சில்லறைக் கடைகளில் மது விற்கக் கூடாது என்ற விதியை ஏய்க்க, பார் என்ற பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு விடிய விடிய விற்கும் ‘நலிவாய்க்கா’க் கடைகளைத் துரத்துவதே அதன் நோக்கம். ஆனால் அந்த அளவுகோலில் ஒழுங்கான சிறு பார்களும் மாட்டிக்கொள்ளும் என்பதால் உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். களையைப் பிடுங்கப் போய்ப் பயிரையும் பிடுங்கும் சட்டம் என்ற அவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

இனி ர்யூமச்னயா. ர்யூம்க்கா என்றால் வோட்கா ஊற்றும் சிறு கண்ணாடிக் கிண்ணம். அதிலிருந்து பிறந்த சொல் இது. சோவியத் ஆட்சியில் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒருவர் நின்றபடியே ஒரு கிண்ணம் அருந்திவிட்டுப் போக ஏற்பட்ட கடை வகை. வெறும் வயிற்றில் குடித்துவிட்டு விழக் கூடாது என்பதற்காக, வோட்காவோடு ஒரு ரொட்டித் துண்டும் சேர்த்தே விற்கப்பட்டது. மயாகோவ்ஸ்கி தெருவில், நெக்ராசவிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் உள்ள ‘மயாக்’ இந்த வகையில் பலரும் அறிந்தது. மயாக் என்றால் கலங்கரை விளக்கம். தெருவுக்குப் பெயர் தந்த கவிஞர் மயாகோவ்ஸ்கியின் பெயருக்குள்ளேயே அந்த விளக்கு எரிவதைக் கண்டு பெயர் வைத்தவர் தமிழராக இருந்திருந்தால் சிலேடைப் புலவர் என்றே அழைத்திருப்பார்கள்.

உள்ளே நுழைந்தால் இசை இருக்காது, அல்லது ஒரு மூலையில் தொலைக்காட்சி முணுமுணுத்துக்கொண்டிருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நடுவயதுப் பெண்மணி ஒருவர் நிற்பார். பெட்டிக்குள் தட்டுத் தட்டாக ரொட்டி: கறுப்புக் கம்பு ரொட்டியின் மேல் வெண்ணெய், அதன் மேல் வட்டமாக நறுக்கிய அவித்த முட்டை, அதன் மேல் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உப்பிட்ட கீல்க்கா மீன் ஒன்று, மேலே இரண்டு துணுக்கு வெங்காயத்தாள். பக்கத்தில் ஊறுகாய் வெள்ளரி, எண்ணெயில் மிதக்கும் ஹெர்ரிங் மீன், சில இடங்களில் பெல்மேனி எனும் இறைச்சிக் கொழுக்கட்டை. வோட்கா இங்கே மில்லிலிட்டரில் கேட்கப்படுவதில்லை, கிராமில் கேட்கப்படுகிறது: ஐம்பது அல்லது நூறு. பெண்மணி அளவுக் குடுவையை விளக்குக்கு நேரே தூக்கிக் கோட்டைப் பார்த்து ஊற்றுவார். கோடு காட்டுவதென்னவோ மில்லிலிட்டர்தான். நாற்பது சதவீத வோட்கா தண்ணீரைவிட இலேசானது என்பதால் ‘நூறு கிராம்’ என்று வாங்குவது தராசில் ஏறத்தாழ 95 கிராம்தான் நிற்கும். அந்த ஐந்து கிராமுக்காக யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

இந்த நாற்பது சதவீதக் கணக்கை வகுத்தவர் வேதியியலாளர் மெந்தெலேயெவ் என்று இந்நகரில் எந்த மேசையிலும் சொல்வார்கள். 1865இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அவர் சாராயமும் நீரும் கலப்பதைப் பற்றி ஆய்வேடு அளித்தது உண்மை. ஆனால் அந்த ஆய்வுக்கும் வோட்காவின் தரத்துக்கும் தொடர்பில்லை. நாற்பது பாகை (அதாவது சதவீதம்) என்ற வழக்கு அவருக்கு முன்பே அரசு ஆணைகளில் இருந்தது. ர்யூமச்னயாவில் நின்றுகொண்டு இதை எடுத்துச் சொல்வது நல்ல யோசனையல்ல.

ஒரு கிண்ணம், ஒரு ரொட்டி, இருபது நிமிடம். உயரமான மேசையில் முழங்கையை ஊன்றி நிற்கும் முதியவர், பக்கத்தில் அலுவலகப் பையோடு ஒருவர், அதற்கடுத்து இரண்டு கல்லூரி மாணவர்கள். யாரும் யாரையும் பார்த்து வியப்பதில்லை. ரூபின்ஸ்டைனில் ஒரு காக்டெய்லுக்குக் கொடுக்கும் தொகையில் இங்கே இருவர் குடித்து உண்டு எழுந்துவிடலாம். என் கணக்கில், இந்த மூன்றில் வேறெந்த ஊருக்கும் பெயர்த்துக் கொண்டுபோக முடியாதது இது ஒன்றுதான். அதனாலேயே முதலிடமும் இதற்குத்தான். இருந்தாலும் இது இரவு வாழ்க்கை அல்ல, மாலை வாழ்க்கை. பெரும்பாலான ர்யூமச்னயாக்கள் காலையிலேயே திறந்து, நள்ளிரவுக்கு முன் விளக்கை அணைத்துவிடும். முகம் சுளிக்கும் பெண்மணியும், இரண்டாவது கேள்விக்குப் பதில் வராத கவுண்டரும் அனுபவத்தின் பகுதி. சிரித்த முகத்தோடு வரவேற்பு எதிர்பார்ப்பவர் வேறு கதவைத் தட்டட்டும்.

அந்த வேறு கதவும் இப்போது உண்டு. குதிரைமுள்ளங்கி, கிரான்பெர்ரி, கடல்முள்பழம் முதலியவற்றை வோட்காவில் ஊறவைத்துச் செய்யும் நஸ்தோய்க்காக்களைச் சிறு கிண்ணங்களில் வரிசையாக அடுக்கிக் கொடுக்கும் புதுவகைக் கடைகள் கடந்த சில ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. 2022க்குப் பிறகு வெளிநாட்டு மது நிறுவனங்கள் பல ரஷ்யச் சந்தையிலிருந்து விலகியதும், இறக்குமதி விஸ்கி விலையேறியதும் இவற்றுக்குக் காற்று வீசச் செய்தன. இசை உரக்க ஒலிக்கும், வருவோரின் வயது இருபதுகளில் இருக்கும், சுவரில் சோவியத் சுவரொட்டியின் நகல் தொங்கும். பழைய ர்யூமச்னயாவின் பேத்தி என்று இதைச் சொல்லலாம். பாட்டியின் சேலையை விருந்துக்கு உடுத்திக்கொண்டு வந்த பேத்தி. குதிரைமுள்ளங்கி ஊறலை மட்டும் தவறவிடக் கூடாது: முதலில் தேன் போல இறங்கி, பிறகு மூக்கின் பின்புறம் ஏறி, கண்ணில் நீர் வரவழைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல அடங்கிவிடும்.

நடனமும் இசையும் தேடுகிறவருக்கு இந்த மூன்றும் போதாது. அவர் லிகோவ்ஸ்கி பெருவீதியைத் தாண்டி வரோனெஜ்ஸ்கயா தெருவுக்குப் போக வேண்டும். அங்கே உண்மையான குண்டுவீச்சுப் பதுங்கறை ஒன்றுக்குள் 1996இல் ‘தவா சமல்யோத்தா’ இசைக்குழுவினர் தொடங்கிய கிரிபயேதவ் கிளப் இருக்கிறது. தாழ்ந்த கூரையும் தடித்த சுவரும் ஒலியை வெளியே விடாமல் உள்ளேயே அடைத்துவைப்பதால், ரூபின்ஸ்டைனின் அண்டை வீட்டுத் தகராறு இங்கே எழ வழியில்லை. இதற்கு எதிராக நிறுத்தக்கூடியது பெத்ரோகிராத் பகுதியின் ‘கம்சாத்கா’: கினோ குழுவின் பாடகர் விக்தர் த்சோய் கரி அள்ளிப் போட்ட கொதிகலன் அறை இன்று சிறு மேடையும் நினைவுப் பொருள்களுமாக நிற்கிறது. இசையைவிட அஞ்சலியே அங்கு மிகுதி. போதாக்குறைக்கு அது ஆற்றின் மறுகரை. ஜாஸ் என்றால் ஜாகரத்னி பெருவீதி 27ஆம் எண்ணில் 1989 முதல் இயங்கும் ஜாஸ் பில்ஹார்மோனிக் அரங்கம். ஐந்து மூலையிலிருந்து கூப்பிடு தூரம்.

சில பெயர்களைப் பழைய கட்டுரைகளில் படித்துவிட்டுத் தேடி அலைய வேண்டாம். நகரின் மலிவான, கட்டுக்கடங்காத இரவுக்கு ஒரு காலத்தில் மறுபெயராக இருந்தது தூம்ஸ்கயா தெரு. ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒரு பெண்மணி 2004இல் அங்கே திறந்த ‘தாச்சா’ என்ற சிறு பார்தான் அந்த வளைவுத் தூண் வரிசைக்குள் பிறகு வந்த அத்தனைக்கும் முன்னோடி. இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் அந்தக் கடைகள் காலி செய்யப்பட்டன. வேறு வகை இழப்பும் உண்டு. ‘சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்’ என்பதைத் தீவிரவாதம் என 2023 நவம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் அறிவித்த பிறகு, ஒருபால் ஈர்ப்பினர் அச்சமின்றிக் கூடிய கிளப்புகள் நகரில் மூடப்பட்டன. பீட்டர்ஸ்பர்க்கின் பல்வகை இரவு என்று எழுதுகிறவர் அந்த இடைவெளியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நடைமுறைக்கு வருவோம். 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியதால் வெளிநாட்டு வங்கி அட்டைகள் எந்த மதுக்கூடத்திலும் செல்லாது. ரூபிள் நோட்டுகள் கையில் இருக்க வேண்டும். 2014 ஜூன் முதல் மதுக்கூடங்களுக்குள் புகைபிடிக்கத் தடை உள்ளதால், வாசலில் எப்போதும் ஒரு சிறு கூட்டம் நிற்கும். கோப்பையை உள்ளே வைத்துவிட்டு வருபவர்கள் அவர்கள். ஒரே ஒரு இரவு மட்டும் கையில் உள்ளவருக்கு என் வரிசை இதுதான்: மாலை ஏழு மணிக்கு ர்யூமச்னயாவில் ஐம்பது கிராமும் கீல்க்கா ரொட்டியும், அங்கிருந்து நடந்து நெக்ராசவில் ஏதாவதொரு படியிறங்கி நள்ளிரவு வரை, கோடையாக இருந்தால் மட்டும், அதுவும் கடைசியாக, ரூபின்ஸ்டைன் தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடை. அங்கே உட்காரத் தேவையில்லை. அறை தீவில் இருந்தால் 12.45க்கு எழுந்துவிட வேண்டும்; தவறினால் அரண்மனைக் கரையில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, எதிர்க்கரையில் தெரியும் தன் விடுதியின் விளக்கைப் பார்த்தபடி, 2.50க்குக் காத்திருக்கலாம். ஜூன் மாதத்தில் அப்படிக் காத்திருக்கும் பத்துப் பேராவது எப்போதும் துணைக்கு இருப்பார்கள்.